அலுமினியத் தாள்

மே பாதியில் ஏறும் சூரியன்
ஜூலை கடைசிவரை இறங்குவதில்லை வார்தோவில்.
ஊரே அதற்குக் கொடியேற்றுகிறது.
நான் அலுமினியத் தாள் வாங்குகிறேன்,
மீன் பொதிகிற அகலச் சுருள், நான்கு.

படுக்கையறை ஜன்னலுக்கு இரண்டு அடுக்கு.
ஓரமெல்லாம் கறுப்பு நாடா. சாவித் துவாரத்தில் பஞ்சு.
போன வருஷம் ஒரு குண்டூசித் துளையை விட்டுவிட்டேன்:
இரவு ஒரு மணி வெயில் அதன் வழியே நுழைந்து
சுவரில் ஊர்ந்து ஊர்ந்து
குன்வோரின் இடது கண்ணைக் கண்டுபிடித்தது.

தலைவலி என்றுதான் பேர்.
தலையில் தொடங்குவதில்லை அது.
முதல்நாள் மாலை ஒரு கொட்டாவியில் தொடங்கும்.
பிறகு ஒரு சொல் காணாமற்போகும்.
"அதை எடு, அந்த... அந்த..." என்று
கரண்டியைக் காட்டுவாள்.
அவளுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.
சொல்வதா வேண்டாமா என்பதில்
இருபத்தோரு வருஷமாக முடிவில்லை.
சொன்னால் பயத்திலேயே வந்துவிடுகிறது,
சொல்லாவிட்டால் மாத்திரைக்கு நேரம் தப்பிவிடுகிறது.
பேசாமல் தண்ணீர்க் குவளையை
அவள் கைப்பக்கம் நகர்த்திவைப்பேன்.
குவளையைப் பார்ப்பாள். என்னைப் பார்ப்பாள்.
"நாசமாய்ப் போக" என்பாள்.
என்னை அல்ல.

தனக்கு வந்தால்தான் தெரியும் தலைவலி என்பார்கள்.
எனக்கு வந்ததில்லை.
மீன் ஆலை இரைச்சலில் ஒன்பது மணி நேரம் நின்றாலும்
வராத தலை, மரக்கட்டை.
எனவே எனக்குத் தெரியாது.
தெரியாதவன் என்ன செய்யலாமோ அதைச் செய்கிறேன்.

வேலை முடிந்ததும் கொட்டகையிலேயே சட்டையைக் களைந்து
வாசமில்லாத சோப்பால் தேய்த்துக் குளிக்கிறேன்.
இந்த ஊருக்குச் சோறு போடும் வாடை
அவள் நெற்றிப்பொட்டில் ஆணி.
காப்பி ஆலையோடு சரி.
ஜன்னல் விளிம்பில் கூடு கட்டும் கடற்பறவைகளிடம் மட்டும்
என் பேச்சு எடுபடவில்லை.

ஆரம்பத்தில் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் கேட்பேன்:
இப்போது எப்படி? இப்போது?
பதில் சொல்லவும் தலை வேண்டுமே என்றாள்
ஒருநாள், இரண்டு வாந்திகளுக்கு நடுவில்.
அதன்பின் விரல்தான் மொழி.
என் உள்ளங்கையில் ஒருமுறை அழுத்தினால், போ.
இரண்டுமுறை, இரு.
அழுத்தாமல் சும்மா பிடித்திருந்தால் என்ன அர்த்தமென்று
நாங்கள் பேசிவைக்கவில்லை.

இதையும் எழுதிவிடுகிறேன்.
ஹாமர்ஃபெஸ்டில் என் தங்கை கல்யாணம்.
கப்பலேற வேண்டிய காலை,
இஸ்திரி போட்ட சட்டையோடு அவள் கட்டிலருகே நிற்கிறேன்.
ஒருமுறை அழுத்தினாள்.
போனேன்.
கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனேன்.
அந்தக் கதவு அவள் தலைக்குள்
எத்தனை முறை சாத்திக்கொண்டதோ, கேட்டதில்லை.
திரும்பி வந்து கீல்களுக்கு எண்ணெய் விட்டேன்,
நிலையைச் சுற்றிக் கம்பளித் துண்டு வைத்து அடித்தேன்.
இப்போது எங்கள் வீட்டில்
கோபத்தில் அறைந்து சாத்த ஒரு கதவும் இல்லை.

மூன்றாம் நாள் எழுந்து வருவாள்,
கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல முகம்.
உருளைக்கிழங்கு வறு, உப்பு நிறையப் போடு என்பாள்.
சட்டியிலிருந்தே எடுத்துத் தின்பாள், விரல் சுடச்சுட,
காணாமற்போன சொற்கள் எல்லாம் வந்துவிட்டன என்பதுபோல
பேசிக்கொண்டே இருப்பாள்.
அன்று நான் அதிகம் பேசுவதில்லை.

நவம்பர் கடைசியில் சூரியன் தொலையும்.
எங்களுக்கு அது நல்ல காலம்;
என்றாலும் வலி நாட்காட்டி பார்ப்பதில்லை.
இருட்டைத் தாங்காமல் தெருவில்
ஜன்னலுக்கு ஜன்னல் விளக்கு வைக்கிறார்கள்.
"அந்த வீட்டில் குடியில்லையா?" என்று
புதுத் தபால்காரி அடுத்த வீட்டு ஓட்வாரிடம் விசாரித்தாளாம்.

குடியிருக்கிறோம்.
ஒருத்தி படுத்திருக்கிறாள்.
ஒருவன் தரையில், கட்டிலில் முதுகு சாய்த்து.
"உன் மூச்சு சத்தமாக இருக்கிறது" என்கிறாள்.
வாயால் விடுகிறேன்.
"இப்போதும்."
எழப்போகிறேன்.
உள்ளங்கையில் விரல் அழுத்துகிறது, ஒருமுறை.
பிறகு அப்படியே நிற்கிறது.
இன்னொன்று வருமா என்று
மூச்சைப் பிடித்துக் காத்திருக்கிறேன்.