மூன்று மாதத்துக்கு ஒரு டைல்

கடிதம் வந்ததும் முதலில் சந்தோஷப்பட்டேன்.
'தங்கள் மாதத் தவணையில் மாற்றமில்லை.'
அதே ஐந்தாம் தேதி,
அதே பதினாறாயிரத்து எழுநூற்று இருபத்தெட்டு.
அடுத்த வரியை டில்லிபாபுதான் படித்தான்,
நைட் ஷிப்ட் முடிந்து, சட்டையில் கிரீஸோடு:
மீதமுள்ள மாதங்கள்
இருநூற்று இருபதிலிருந்து
முன்னூற்றுப் பதினாறு.

எட்டு வருஷத்தை
ஒரு காற்புள்ளிக்குப் பின்னால்
உட்கார வைத்திருந்தார்கள்.
கணக்குப் போட்டேன். கடன் முடிகையில் அவனுக்கு அறுபத்தேழு.
அந்த வயதில் எந்தக் கிரேன் ஏணியில் ஏறுவான்?

திருவொற்றியூர் கிளையில் ஏசிக்குக் கீழிருந்த பெண்
நல்ல பெண். கால்குலேட்டரை எங்கள் பக்கம் திருப்பினாள்.
காலம் கூட வேண்டாமென்றால் தவணையைக் கூட்டலாம்,
பதினெட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்று.
ஃபிக்ஸடுக்கு மாறலாம், அதற்குக் கட்டணம் தனி,
வட்டியும் இன்னும் ஒன்றரை கூட.
"இப்ப உங்களோடது ஃப்ளோட்டிங் சார்."

துறைமுகத்தில் பதினாறு வருஷமாக இருப்பவனிடம்
மிதக்கிறது என்று சொன்னால்?
"எதுலம்மா கட்டிப் போட்டிருக்கு?" என்றான்.
அவள் சிரித்துவிட்டு ரெப்போ என்றாள்.
வடத்தின் மறுமுனை மும்பையில் இருக்கிறதாம்.
அங்கே யாரோ கால் சதவீதம் என்று சொன்னால்
இங்கே எர்ணாவூரில்
என் ஷேர் ஆட்டோ காசு அசைகிறது.

கீழ்வீட்டு அஞ்சலாட்சி மீன்கூடைக்குத் தண்டல் வாங்குகிறவள்.
"பத்தாயிரம்னா எட்டாயிரத்தி ஐந்நூறுதான் கையில குடுப்பான்.
தினம் நூறு, நூறு நாளு. கொள்ளதான்.
ஆனா நூத்தியோராவது நாளு
என் வாசப்படி மிதிக்க மாட்டான்.
உன் பேங்குக்கு நாளு எண்ணத் தெரியாதா?"
வட்டி ஆறே முக்காலாக இருந்தபோது
அவளுக்கு நான் புத்தி சொல்லியிருக்கிறேன்.

அன்றிரவு தூக்கம் இல்லை.
ட்ரெய்லர்கள் எக்ஸ்பிரஸ் சாலையில் வரிசைகட்டி உறுமின.
ஐந்நூற்று நாற்பது சதுர அடி, அடிக்கு ஒரு டைல்.
கட்டுவதில் பதினாலாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் வட்டிக்கே.
மிச்சம் ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றைந்து.
முன்பு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு டைல்
எங்களுடையதாகிக்கொண்டிருந்தது.
இனி மூன்று மாதத்துக்கு ஒன்று.

லித்திகாவுக்கு இதைச் சொல்லியிருக்கக் கூடாது.
சாக்பீஸ் எடுத்து வந்துவிட்டாள்.
முன்பணத்துக்கு ஹால் என்று வைத்துக்கொண்டோம்.
என் நாலு வளையல்
ஷோகேஸுக்கு அடியில் எங்கேயோ கிடக்கிறது.
இருபது மாதத் தவணைக்குச் சமையலறைக்குள் பதினாறு டைல்.
அங்கே ஒரு கோடு போட்டாள்.
"அப்ப பாத்ரூம் பேங்கோடதா?
அவங்க வந்து கழுவுவாங்களா?"
டில்லிபாபு அத்தனை சத்தமாகச் சிரித்து
ரொம்ப நாளாயிற்று.

சீட்டை நிறுத்தினேன்.
ஞாயிற்றுக்கிழமையும் ஓ.டி. என்று அவன் சொன்னான்,
நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.
கையெழுத்துப் போட்டோம், கூட்டிய தவணைக்கு.
அடுத்த வருஷம் இன்னும் ஏறினால் என்று கேட்டதற்கு
அந்தப் பெண் இந்தமுறை சிரிக்கவில்லை.

இந்த மாதம் முக்கால் டைல்.
வஞ்சிரத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நிற்கிறேன்.
சாக்பீஸ் கோடு பாதி அழிந்துவிட்டது.
குதிகால் எங்கள் இடத்தில்,
விரல்கள் பேங்கின்மேல்.
எண்ணெய் ரெண்டு பக்கமும் தெறிக்கிறது.