புதுப்பிக்காத பெயர்

ஸ்வாம்ப் லேம்ப் திரும்பி வந்துவிட்டதாம்.
பூகிஸ் ரயில் நிலையத்தில், மின்படியில் ஏறும்போது பார்த்தேன்:
பல் மருத்துவருக்கும் குமிழித் தேநீருக்கும் நடுவே
அதே நீலச் சுடர்.
அதன் கீழே புது வரி:
"நாங்கள் எங்கும் போகவில்லை."

போனீர்கள்.
காலாங் பேசின், அடுக்குத் தொழிற்கூடம், நான்காம் மாடி,
தொண்ணூற்று மூன்றில் ஒரு வெள்ளிக்கிழமை.
வட்டு நகலெடுக்கும் இயந்திரங்கள் சரக்குத் தூக்கியில் இறங்க,
எண்ணிக் கையெழுத்துப் போட்டவள் நான்.
பதினொன்று. ஒன்றுக்கு மூடி இல்லை.

விளையாட்டைச் செய்தவர்கள் வேறு.
லியோங் பதினாறு நிறத்தில் பாம்புக்குச் செதில் வைப்பான்,
பதினேழாவது கேட்டுத் திரையோடு சண்டை போடுவான்.
ஹஃபிஸ், கோட்டைக் கதவின் ஓசைக்கு,
எங்கள் கழிப்பறைக் கதவைப் பதிவு செய்தான்.
எந்தெந்த ஊர்ப் பிள்ளைகளோ
மூச்சைப் பிடித்துக்கொண்டு திறந்தது அதைத்தான்.
நான் விலைச்சீட்டு. தபால்தலை. பேரேடு.

ஒரே ஒரு முறை வாய் திறந்தேன்:
சதுப்பு விளக்குக்கு எங்கள் பாஷையில்
கொள்ளிவாய்ப் பேய் என்று பேர்,
கிட்டப் போனால் எட்டப் போகும் என்று.
லியோங் சிரிக்கவில்லை.
மறுவாரம் மூன்றாம் கட்டத்தில் அது நின்றது.
ஓர் அடி வைத்தால் ஓர் அடி தள்ளிப் போயிற்று.
ஒருவராலும் பிடிக்க முடியவில்லை.
"எப்படிப் பிடிப்பது?" என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு
நான்தான் பதில் தட்டச்சு செய்தேன்:
முயன்று பாருங்கள்.

கடைசி வாரம் மிஸ்டர் குவெக்
ஒரு காசோலையும் ஒரு படிவமும் நீட்டினார்,
பெயரைப் பத்தாண்டுக்குப் புதுப்பிக்க.
"மறந்துவிடாதே, பூங்காவனம். பெயராவது இருக்கட்டும்."

மறக்கவில்லை.
மூன்று மாதச் சம்பளம் வரவில்லை, அவ்வளவுதான்.
தபால்பெட்டி வரை நடந்தேன். வாய்க்குள் பாதி நுழைத்தேன்.
எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.
இன்றும் காலாவதியான கடப்பிதழுக்குள் இருக்கிறது,
ஊக்கு மட்டும் துருப்பிடித்து.

ஆளில்லாத பெயரை யாரோ
விண்ணப்பக் கட்டணத்துக்கு எடுத்துக்கொண்டார்கள்.

சன்டெக்கில் அறிமுக விழா.
நீலச் சட்டைப் பையன் கையில் கருவியைத் தந்தான்.
"பழைய விளையாட்டு தெரியுமா, ஆன்ட்டி?"
"கொஞ்சம்."
மூன்றாம் கட்டத்தில் பேய் நின்றது, நிறம் நிறமாய்.
லியோங் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பான்.
இப்போது அதைப் பிடிக்கலாமாம்.
நான்கு வெள்ளி தொண்ணூற்றெட்டுக் காசு.

வேண்டாம் என்றேன்.
கோட்டை வாசலுக்குத் திரும்பினேன்.
கதவைத் தள்ளினேன்.

அதே கீல். அதே முனகல்.
முடிவில் குழாய் சொட்டும் ஒரு சொட்டுகூட.

மூடினேன். திறந்தேன். மூடினேன்.
பின்னால் வரிசை நீண்டது.
"கதவில் ஒன்றும் இல்லை, ஆன்ட்டி,
உள்ளே போங்க."