பதினைந்தாம் தேதி

ரூடாவின் செங்கல் வீடுகளுக்குச் சன்னல் சட்டமெல்லாம் சிவப்பு.
சுரங்கத்தில் மிஞ்சிய சாயம் என்பார்கள்.
நான் தபால்காரி. பதினோரு வருடமாக
இந்தப் படிக்கட்டுகளை என் முழங்கால் அறியும்.

மூன்றாம் மாடி. எவால்ட் கோசூபெக்.
முப்பத்திரண்டு வருடம் நிலத்துக்கடியில்.
இப்போது அந்தச் சுரங்கத்தின் ஒரு கிளை
அவர் நெஞ்சுக்குள் இரைகிறது.

ஓய்வூதியத்தை எண்ணி மேசையில் வைப்பேன்.
செயலிழந்த இடக்கையைப் பேப்பர் வெயிட்டாக வைத்து
வலக்கையால் கையெழுத்துப் போடுவார்.
மை காய்வதற்குள்
இன்னொரு கை வரும், பின்னாலிருந்து.
மகன் ராய்முண்ட். ஐம்பத்து நான்கு வயது.
"அப்பாவுக்குக் கணக்கு மறந்துபோகுது."

கணக்கு மறந்தவர் இல்லை எவால்ட்.
நாற்பது புறாக்களின் கால்வளைய எண்ணையும்
மூச்சு வாங்க வாங்க ஒப்பிப்பார்.
போன குளிர்காலத்தில் கூண்டு காலி.
"நரி" என்றார்.
நரி சாவி போட்டா பூட்டைத் திறந்தது என்று
நான் கேட்கவில்லை.

மார்ச்சில் அவர் மேற்கையில் நான்கு நீலம்,
எதிர்ப்பக்கம் தனியாக இன்னொன்று,
கட்டைவிரல் அளவுக்கு.
"படியில விழுந்துட்டேன்."
படிக்கு விரல் உண்டா?
அதையும் கேட்கவில்லை.

நகராட்சியிலிருந்து ஒருத்தி படிவத்தோடு வந்தாளாம்.
*உங்கள் கணவர் உங்களை எப்போதாவது* என்று
அச்சடித்ததை அப்படியே வாசித்தாளாம்.
அவர் சிரித்து, இருமி, மறுபடி சிரிக்க,
"இல்லை" என்ற கட்டத்தில் குறிபோட்டு
காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

கீழ்வீட்டு ட்ரூடாவுக்கு இரக்கமில்லை.
"அவன் இடுப்புவார்ச் சத்தம் இந்தக் கட்டிடத்துக்கே தெரியும்.
எட்டு வயசுப் பிள்ளை கரி அறையில தூங்கியிருக்கான்.
வினை விதைச்சவன்..."
முடிக்க விடாமல் ஒரு பதிவுத் தபாலை நீட்டினேன்.
ஆனால் அன்றிரவு
அந்த எட்டு வயசும் எனக்குத் தூக்கம் தரவில்லை.

சுரங்கத்தை மூடியபோது
ராய்முண்டின் வேலைநீக்கக் கடிதம் வந்தது என் பையில்தான்.
மனைவி போனாள். பாட்டில்கள் வந்தன.
இப்போது அந்த வீட்டின் வருமானம்
மாதம் ஒருமுறை மணி அடிக்கும் நான்.
அப்பனின் ரொட்டியைத் தின்றுதான்
அப்பன்மேல் கை ஓங்குகிறான்.
அது தெரிவதால்தான் இன்னும் ஓங்குகிறானோ என்னவோ.
நான் படித்தவள் இல்லை.

ஒருமுறை மட்டும், மகன் உறங்கிக் கிடந்த நாளில்,
கதவோரம் கேட்டேன்: யாரையாவது கூப்பிடட்டுமா?

"எழுநூறு மீட்டர் கீழே கூரை இடிஞ்சு விழுந்தது.
பதினாலு மணி நேரம் உள்ளே கிடந்தேன்.
அப்பவே கத்தாதவன்
பெத்த பிள்ளைக்காகக் கத்துவேனா?"

பிறகு எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்றேன்.

"குழாயில தட்டினேன்.
மூணு தட்டு. நிறுத்தி, மூணு தட்டு."
சொல்லிவிட்டுத் தன் கையையே பார்த்தார்,
வேறு யாரோ அதைச் சொன்னதுபோல.

மே, ஜூன், ஜூலை.
கையெழுத்து, மை, பின்னாலிருந்து கை.

இன்று பதினைந்து.
கையெழுத்துப் போட்டவர் பேனாவைத் தரவில்லை.
தலைகீழாகப் பிடித்து மேசையில் தட்டினார்.
மூன்று.
நிறுத்தி, மூன்று.
"கை நடுங்குது கிழவனுக்கு" என்றான் ராய்முண்ட்,
தாள்களை எண்ணியபடி.

ரசீதை மடித்தேன். படியிறங்கினேன்.
சைக்கிளைப் பிடித்துக்கொண்டு,
ட்ரூடாவின் சன்னலுக்கு முதுகு காட்டி, போன் செய்தேன்.
காத்திருக்கும் இசை, பிறகு ஒரு பெண்குரல்:
"பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர்?"

பெண் இல்லை என்றேன்.

மறுமுனையில் தட்டச்சு நின்றது.
நான் எழுத்தெழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தேன்.