புள்ளிக்கு முன்னால்

புக்கிட் செராயாவில் கடைவரிசை ஒன்றுதான்.
டயர் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவே
என் கடை: நகல், பாஸ்போர்ட் படம், ரோடு டேக்ஸ்.
ஆண்டுக்கு அறுபத்தெட்டு வெள்ளி கட்டி
ஊர்ப் பேரை வாங்கி வைத்திருக்கிறேன்.
செராயா புள்ளி மை.
மை என்றால் மலேசியாவாம்.
எனக்கு அது நகல் இயந்திரம்
விரலில் விட்டுப்போகும் கறுப்பு.

முதலில் வந்தது கஸ்தூரி.
கல்யாணச் சாப்பாட்டு ஆர்டர் எடுக்க
இணையத்தில் ஓர் இடம் வேண்டும்,
பேர் வாங்கக் காசில்லை.
வாங்க வேண்டாம், புள்ளிக்கு முன்னால்
ஒரு சொல் சொல் என்றேன்.
யோசிக்கவே இல்லை: 'சாப்பாடு.'

பள்ளியில் புள்ளி வைத்தால்
எழுத்து வாயை மூடிக்கொள்ளும்.
இங்கே புள்ளி வைத்தால்
ஒரு கதவு.

பிறகு சிவபாலன், 'கூடாரம்.'
தமிழ்ப்பள்ளிப் பந்து அணி, 'கோல்.'
டியூஷன் நடத்தும் ரெபேக்கா மட்டும்
மூன்று நாள் தூங்காமல் யோசித்து
'கணக்கு' என்று வந்தாள்.
பழைய தோட்டத்திலும் இப்படித்தானே,
கடித உறைமேல் ஒரே பேர்,
உள்ளே நாலு டிவிஷன்.
எங்கோ சைபர்ஜெயாவில் குளிர்ந்த அறையில்
ஒரே இயந்திரம்,
விடியற்காலைப் பெரட்டில்
பேர் கூப்பிட்டதும்
அவரவர் நிரைக்கு ஆளை அனுப்பும் கிராணி போல
கேட்கிற பேரைப் பார்த்து
கோப்புறை காட்டும்.

கோவில்காரர்கள் வந்த அன்று மழை.
மேல் டிவிஷன் தலைவர் மோகனதாஸ் சொன்னார்:
'கோவில்.' வகரம்.
அவர் குடை மடக்குமுன்
கீழ் டிவிஷன் செயலாளர் இருளாண்டி உள்ளே வந்து
'கோயில்' என்றார். யகரம்.
இரண்டும் சரி என்கிறது இலக்கணம்.
அம்மன் ஒன்று, தேர் ஒன்று,
உண்டியல் சாவி மட்டும் இரண்டு.
இருவரும் ரசீது கேட்டார்கள்.
கொடுத்தேன்.

அன்றிரவு பதினொரு மணி.
கோவிலைப் பதிந்தேன், கோயிலைப் பதிந்தேன்,
இரண்டாவது கோப்புறை திறக்கச் சோம்பலா,
வேறெதுவா தெரியவில்லை,
இரண்டு பேரையும்
ஒரே கோப்புறைக்குத் திருப்பிவிட்டுப் படுத்தேன்.

ஒரு மாதம் யாரும் கவனிக்கவில்லை.
ஆடித் திருவிழாக் கணக்கு ஏறியது.
பூமாலை தொள்ளாயிரம் வெள்ளி.
அதன் கீழேயே
இன்னொரு கையிலிருந்து
பூமாலை அறுநூற்று நாற்பது.
அதே கடை, அதே பூ.

மறுநாள் இருவரும் ஒரே நேரத்தில் கடையில்.
'உள்ளே யாரோ புகுந்துட்டாங்க' என்றார் இருளாண்டி.
'எங்க வீட்டுல' என்றார் மோகனதாஸ்.
நான் மை மாற்றிக்கொண்டிருந்தேன்.
சொன்னேன், வீடே ஒண்ணுதான்.
அப்புறம் கொஞ்ச நேரம்
நகல் இயந்திரம் மட்டும் பேசியது.

தனியாகத்தான் வேண்டுமாம்.
தனிக் கோப்புறை போதாது,
தனி இயந்திரமே வேண்டுமாம்.
சரி என்று கோயிலை ஜொகூரில் ஒரு பெட்டிக்கு மாற்றினேன்.
'புது விலாசம் எல்லா போனுக்கும் போய்ச்சேர
ஒரு நாள் ஆகும்,
அதுவரை சில போனுக்குப் பழைய வழிதான் தெரியும்'
என்று எழுதிக் கொடுத்தேன்.
யாரும் படிக்கவில்லை.

அந்த வெள்ளிக்கு முந்தின இரவு
பழைய கோப்புறையில்
மேல் டிவிஷன் அன்னதானப் பட்டியல்:
அரிசி ஐம்பது, பருப்பு இருபது கிலோ,
கத்தரிக்காய், மோர் மிளகாய்.
விடிந்து பார்த்தால்
இருபது முப்பது ஆகியிருந்தது.
போன வருஷம் பருப்பு பற்றவில்லை,
ஊருக்கே தெரியும்.

யார் மாற்றியது என்று
இருவரிடமும் கேட்கவில்லை.
பட்டியலை அச்செடுத்து
கஸ்தூரியிடம் கொடுத்துவிட்டேன்.
சமைப்பவள் அவள்தானே.