நூற்று நாற்பத்தெட்டு

முந்நூறு கேள்வி. நூற்றைம்பது வேண்டும்.
மூன்றாவது முறையும் இரண்டு குறைவு.

"உக்ரைனா?" என்கிறார்கள் எல்லாரும்.
இல்லை, பிஷ்கெக்.
எங்கே வலிக்கிறது என்று ரஷ்ய மொழியில் கேட்பேன்,
பனி அப்பிய கோட்டைக் கழற்றாத மனிதர்களிடம்.
தண்டையார்பேட்டையில் அது யாருக்கு வேண்டும்.

அப்பாவின் விசைப்படகுப் பங்கில் பாதி
ஏஜென்டுக்குப் போனது. மீதிப் பாதி
கோச்சிங் சென்டருக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

பகலில் மெடிக்கல் ஷாப்.
கன்டெய்னர் லாரிகள் நகராத சாலை,
மாத்திரை டப்பாக்கள்மேல் கரித்தூசு.
மாசியில் ஒருநாள் எத்திராஜ் என்ற லோடுமேன்
"கேஸ் மாத்திரை குடு தங்கச்சி" என்றார்.
வியர்வை. இடது கை. தாடையும் வலிக்குதாம்.
இருநூற்றுப் பத்தாவது கேள்வி இப்படித்தான் இருந்தது,
அதற்கு நான்கு விடைகள் கொடுத்திருந்தார்கள்.

ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லி
ஆட்டோவில் தள்ளினேன்:
ஸ்டான்லி, எங்கியும் நிக்காமப் போ.
முதலாளி கேட்டார்,
ஆஸ்பிரினை யார் கணக்கில் எழுதுறது?

பத்தாம் நாள் வந்தார், இளைத்து.
சீட்டை நீட்டினார்.
கீழே யாரோ ஒரு டாக்டரின் கோணல் கையெழுத்து,
பக்கத்தில் பதிவு எண்.
தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டேன்போல.
"இன்னாம்மா, எழுத்து புரியலியா?"
"புரியுது."

அட்டையை வெட்டி, எண்ணி,
உறைமேல் எழுதிக் கொடுத்தேன்:
காலை ஒன்று. இரவு ஒன்று. சாப்பிட்ட பின்.
அவ்வளவுக்கு உரிமம் கேட்பதில்லை.