இரண்டாவது தட்டு

வெள்ளிக்கிழமை பாசார் மாலாமில்
பத்து வெள்ளிக்கு மூன்று படம்.
கருவாட்டுக் கடைக்கும் அப்பம் பாலேக் வண்டிக்கும் நடுவே
பாய் விரித்திருப்பான் ஒரு சீனப் பையன்.
தமிழ் தெரியாது.
அட்டையில் மழை பெய்தால் காதல் படம்
என்பது மட்டும் தெரியும்.

ஊத்தான் மெலிந்தாங்கில் தினமும் நாலு மணிக்கு மழை.
எனவே பதினைந்து வயதில் எனக்கு
தினமும் நாலு மணிக்குக் காதல் வந்திருக்க வேண்டும்.
வந்தது செம்பனை லாரி.
என் வெள்ளைக் காலுறை வரைக்கும்
சேறடித்துவிட்டுப் போனது.

புனிதன், மேல் டிவிஷன்.
பள்ளி பஸ்ஸில் கடைசிக்கு முந்தின சீட்.
அந்த வருடத்துக் கதாநாயகனைப் போல
முன்முடியை ஜெல் போட்டு நிறுத்தியிருந்தான்.
கட்டொழுங்கு ஆசிரியர் கத்தரிக்கோலோடு வந்து
நடுவில் ஒரு டிராக்டர் பாதை போட்டார்.
அன்றைக்கு அழுதேன்.
நாயகியைப் போல ஒரு கண்ணில் மட்டும் அழப் பார்த்தேன்,
மூக்குதான் ஒழுகியது.

விமலாஷினி சொன்னாள்:
மெதுவா திரும்பிப் பாருடி, முடி பறக்கணும்.
எனக்கோ இரட்டைப் பின்னல், கறுப்பு ரிப்பன்.
திரும்பினேன்.
பக்கத்து சீட் பையன் கண்ணில் பட்டது.
அவன் போட்ட கூச்சல்தான்
எங்களுக்குப் பின்னணி இசை.

வானொலி வாழ்த்து நேரத்தில்
புனிதன் அனுப்பிய அட்டையை வாசித்தார்கள்.
பதினோரு பெயர்.
ஒன்பதாவது நான், அதுவும் பிழையாக.
ஒன்பதுக்கு ஏதாவது அர்த்தம் இருக்குமா என்று
விடிய விடிய யோசித்தேன்.

பிறகொரு நாள்
மோட்டாரில் ஒருவன்
மளிகைக் கடையிலிருந்து எங்கள் லயம் வரைக்கும்
பாடிக்கொண்டே பின்னால் வந்தான்.
படத்தில் இந்த இடத்தில் அவள் சிரிப்பாள்.
என் கையில் முட்டைப் பை.
மூன்று உடைந்தது வீட்டில்தான் தெரிந்தது.
வழுக்கிருச்சும்மா, என்றேன்.

மறுநாள் பஸ் கிளம்பிவிட்டது, நான் ஓடுகிறேன்.
ஒரு கால் படியில்,
ஒரு சப்பாத்து ரோட்டில் தேய,
அங்கள், ஒரு ஆள் இருக்கு! என்றான் புனிதன்.
டிரைவர் திட்டினார், நிறுத்தினார்.
ஏறினேன்.
அவன் என் பக்கம் திரும்பவே இல்லை,
தேய்ந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
எந்தப் படத்திலும் இல்லை இது.
எங்கே பாட்டு வரும் என்று தெரியாமல்
டிக்கெட்டை மடித்துக்கொண்டே இருந்தேன்.

தேர்வு முடிந்து அவர்கள் ஜொகூருக்குப் போனார்கள்,
அப்பாவுக்கு அங்கே ஃபாக்டரி வேலையாம்.
சொல்லிக்கொள்ளவில்லை.
சொல்லிக்கொள்ள என்ன இருந்தது.

எங்கள் வீட்டில் முதல் தட்டுகள் எல்லாம் நன்றாக ஓடும்.
இரண்டாவதில்தான் கீறல்.
பாடப் போன நாயகன்
வாய் திறந்தபடி
சதுரம் சதுரமாக உடைந்து நிற்பான்.
இடைவேளை வரைக்கும்
எல்லாக் காதலும் எனக்கு மனப்பாடம்.

அம்மா தட்டை எடுத்து
கைலி நுனியில் துடைத்து
ஊதி
மறுபடியும் போடுவாள்.
கொஞ்சம் ஓடும்.