எடவப்பாதி வரை

வெளிப்பெட்டியின் மூடியை விஜு கழற்றியதும்
மொட்டைமாடியில் ஒரு கைப்பிடி வெள்ளைப்பொடி உதிர்ந்தது.
அலுமினியமாம்.
பதினோரு வருடம் கடலையே பார்த்து நின்ற பெட்டி.
சீப்புப் பல் மாதிரி வரிவரியாய் இருந்த தகடுகள்
விரல் பட்டால் நொறுங்குகின்றன,
பொரித்த அப்பளம்.

"காயில் போச்சு அக்கா. கம்பிரசர் கொள்ளாம்."
குழாயில் சோப்பு நுரை தடவினான்.
மூன்று இடத்தில் குமிழி வந்தது.
மூன்றாவது மட்டும் நிதானமாக,
யோசித்து யோசித்து ஊதுவதுபோல.

மருந்துச் சீட்டின் பின்பக்கம் கணக்கு எழுதினான்.
புதுக் காயில் ஒன்பதாயிரத்து எண்ணூறு, கூலி வேறு.
ஒட்டு வைத்து கேஸ் அடித்தால் மூவாயிரத்து இருநூறு,
ஆனால் உறுதி சொல்லமாட்டான்.
புது ஏசியே வேண்டுமென்றால் கருங்கலில்
அவன் மச்சான் கடையில் இருக்கிறது.
அதைச் சொல்லும்போது மட்டும் கடலைப் பார்த்தான்.

"டென்சிங் அண்ணனுக்கு ஒண்ணு விளிச்சிருங்க."

வீடியோவில் வந்தார்.
தம்மாமில் அவரும் ஒரு மொட்டைமாடியில்தான்.
தலையில் ஈரத்துண்டு,
பின்னால் வரிசையாக யார் யாருடையதோ நாற்பது ஏசிகள்.
நான் போனைப் பிடித்துக்கொள்ள
இருவரும் என் மணிக்கட்டைத் தாண்டிப் பேசினார்கள்.
"செம்பா அலுமினியமா?"
"செம்பு கிட்ட பாடாக்கும் அண்ணா."
"பிரஷர் நிக்குதா?"
"கைய கொஞ்சம் எறக்கு."
கடைசியது எனக்கு.
இறக்கினேன்.
அந்த மூன்றாவது குமிழியை அவர் பார்த்தார்.
இத்தனை வருடத்தில் என் முகத்தை
அவ்வளவு கிட்டே கொண்டுவரச் சொன்னதில்லை.

"எனக்க கையில கெடச்சா அரை மணிக்கூர் சோலி" என்றார்.
பிறகு, சும்மா சொல்வதுபோல,
"சனிக்கெழமைக்குச் சனிக்கெழமை நல்லதண்ணி ஊத்திக் கழுவியிருந்தா
இன்னும் நாலு வருசம் கெடந்திருக்கும்."

"சொல்லலியே."

"இங்க எல்லாரிட்டயும் அதத்தானே சொல்லுறேன்."

"எனக்கிட்ட சொல்லலியே."

விஜு பைக்குள் ஸ்பானரைத் தேடினான்.
அது அவன் கையிலேயே இருந்தது.

சீட்டுப் பணம் பதினைந்தாயிரம் அலமாரியில் கிடக்கிறது.
அபினுக்குப் பரீட்சை.
மாசி பிறந்தால் காற்று சொல்லிக்கொள்ளாமல் நின்றுபோகும்,
காங்கிரீட் நடுராத்திரி வரை தோசைக்கல்.
சரி.
ஆனால் எடவப்பாதி வந்துவிட்டால்
குறும்பனையில் யாருக்கு வேண்டும் ஏசி?
வள்ளமெல்லாம் கரையேறிக் கிடக்கும்.
வீட்டுக்குள் போர்வைக்குத்தான் சண்டை.
புதுக் காயிலையும் இதே காற்றுதான் தின்னப்போகிறது,
முதல் நாளிலிருந்தே.

"ஒட்டு வை" என்றேன்.

"மூணு மாசம், அக்கா. அதுக்கு மேல எனக்கிட்ட கேக்கப்படாது."

"எடவப்பாதி வரை ஓடினா போதும்."

"எமரன்சி, அது நட்டம்" என்றது போன்.
"காயில மாத்து. சக்கறம் நான் அயக்கேன்."
போனைத் தண்ணீர்த் தொட்டிமேல்
மல்லாக்க வைத்தேன்.
கொஞ்ச நேரம் வானத்திடம்
விலை பேசிக்கொண்டிருந்தார்.

நீலத் தீ. குழாய் சிவந்தது.
ஒட்டுக்கம்பி உருகி
வழி கேட்காமல் ஓட்டைக்குள் போயிற்று.
ராத்திரி அறை குளிர்ந்தது.
அபின் ஒன்றும் கேட்கவில்லை,
கதவை மட்டும் சாத்திக்கொண்டான்.

இன்று சனிக்கிழமை.
மூன்று நாளைக்கு ஒருதரம் வரும் நல்லதண்ணீர்.
ஒரு குடம் இடுப்பில் வைத்து மாடியேறினேன்.
விஜு சொன்னபடி மேலிருந்து கீழாக,
ஒட்டின்மேல் படாமல், மெல்ல.
வெள்ளையாய் வழிந்தது.
ஒரு சொட்டை நாக்கில் வைத்தேன்,
உடனே துப்பினேன்.

போன் அடித்தது.
"ஓடுதா?"
"ஓடுது."
"கழுவுனியா?"
"கழுவிட்டிருக்கேன்."

குடம் எப்போதோ காலி.
இன்னும் வெள்ளையாகத்தான் வழிந்துகொண்டிருந்தது.